பழைய வீட்டுக் குளியலறைக்கு எந்தத் தொட்டி: தனியாக நிற்பதா, சுவரோடு கட்டியதா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கிளென்வுட், பெரேயா பக்கம் பழைய வீடு வாங்கும் நம் ஆட்கள் குளியலறையைப் புதுப்பிக்க உட்கார்ந்ததும் முதலில் எழும் கேள்வி இதுதான்: தனியாக நிற்கிற தொட்டி வைக்கலாமா, இல்லை சுவரை ஒட்டி டைல்ஸ் போட்டுக் கட்டுகிற தொட்டியே போதுமா? தகரக் கூரை, முன்பக்கம் வராண்டா, ஆரெகன் பைன் பலகைத் தரை, உயரமான சீலிங் என்று இருக்கிற வீட்டில் சிங்கப் பாதம் போட்ட வார்ப்பிரும்புத் தொட்டி நின்றால் அழகுதான், அதில் இரண்டாவது பேச்சே இல்லை. ஆனால் காலையில் நாலைந்து பேர் குளித்துவிட்டு வேலைக்கும் பள்ளிக்கும் ஓடுகிற குடும்பத்துக்கு அழகை மட்டும் பார்த்தால் ஆகாது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீட்டோடு வந்த பழைய வார்ப்பிரும்புத் தொட்டி இருந்தால் அதைத் தூக்கி எறியாதீர்கள். இல்லையென்றால், தனியாக நிற்கிற தொட்டியைப் புதிதாகத் தேடிப் போகவும் வேண்டாம், சுவரோடு கட்டியதே மேல்.

முதலில் எடை. 1.7 மீட்டர் நீள வார்ப்பிரும்புத் தொட்டி வெறுமனே 120 கிலோவுக்கு மேல் இருக்கும், சில 150-ஐயும் தாண்டும். தண்ணீரும் ஆளும் சேர்ந்தால் இன்னொரு 200, 250 கிலோ. ஆக ஏறக்குறைய 400 கிலோ, அதுவும் நாலே நாலு கால்களில் இறங்குகிறது. சுவரோடு கட்டுகிற தொட்டிக்கு அடியில் சட்டமோ செங்கல்லோ வைத்துப் பாரத்தைப் பரப்பிவிடலாம், சுவரும் கொஞ்சம் தாங்கிக்கொள்ளும். கால் வைத்த தொட்டியில் ஒவ்வொரு காலும் உள்ளங்கை அளவு இடத்தில் 100 கிலோவை அழுத்தும். பலகைத் தரை தாங்குமா என்று கேட்டால், அந்தக் கால் பலகைக்கு அடியில் ஓடுகிற உத்தரத்தின் மேல் நிற்கிறதா, இரண்டு உத்தரங்களுக்கு நடுவே வெறும் பலகையில் நிற்கிறதா என்பதைப் பொறுத்தது. நம் ஊர் ஈரக்காற்றில், பல வருடம் ஒழுகிய குழாய்க்குக் கீழே இருக்கிற உத்தரத்தின் முனை மேலே பார்க்க நன்றாக இருக்கும், ஸ்க்ரூடிரைவரால் குத்தினால் கேக் மாதிரி உள்ளே போகும். அதனால் தொட்டி வாங்கும் முன் தரைக்கடியில் ஒரு டார்ச்சோடு ஆளை அனுப்புங்கள். பல பழைய வீடுகளில் குளியலறை பின்னால் சேர்த்துக் கட்டியதாக, கான்கிரீட் தரையோடு இருக்கும். அப்படியானால் இந்தக் கவலை பெரும்பாலும் தீர்ந்தது.

அடுத்தது தண்ணீர். எனக்கு இதுதான் பெரிய விஷயம். தனியாக நிற்கிற தொட்டிகள் ஆழமானவை, கழுத்துவரை மூழ்க வேண்டும் என்றுதான் வாங்குகிறார்கள், அதற்கு 160 லிட்டராவது வேண்டும். சாதாரணக் கட்டுத் தொட்டியில் நூறு, நூற்றிருபதில் வசதியாகக் குளித்துவிடலாம். இங்கே குளிர்காலமான ஜூலை மாதத்தில் குழாய்த் தண்ணீர் 18 டிகிரி, கீசர் 60 டிகிரி என்று வையுங்கள். 160 லிட்டரை 40 டிகிரிக்குக் கொண்டுவர கீசரிலிருந்து 80 லிட்டருக்கு மேல் போகும். 150 லிட்டர் கீசரில் பாதிக்கு மேல் ஒரே ஆளுக்கு. அதை மறுபடி சூடாக்க 3 கிலோவாட் எலிமென்ட்டுக்கு ஒன்றரை மணி நேரம் பிடிக்கும், நாலு யூனிட் மின்சாரமும் ஆகும். லோட் ஷெட்டிங் நாட்களில் இரண்டாவதாகக் குளிக்க வந்தவர் பச்சைத் தண்ணீரில்தான் நின்றார், அது எல்லாருக்கும் நினைவிருக்கும். ஷவரில் ஐந்து நிமிடத்துக்கு 50 லிட்டர். வாளியும் சொம்பும் என்றால் 20 லிட்டரில் தலைக்கும் சேர்த்துக் குளித்துவிடலாம், நம் ஆயாமார் அப்படித்தான் குளித்தார்கள், ஒரு குறையும் இல்லை.

2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பனுக்கு வடக்கே டோங்காட் நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மாதக்கணக்கில் டேங்கர் லாரிக்குக் காத்திருந்தன. கேப் டவுனில் 2018-இல் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு 50 லிட்டர்தான் என்று கட்டுப்பாடு வந்தது. அந்தக் கணக்கில் ஒரு முழுத் தொட்டி, ஒருவருடைய மூன்று நாள் தண்ணீர். வீட்டில் தண்ணீர் சேமிக்கிற ஜோஜோ டேங்க் வைத்திருந்தாலும் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்ட மனசு வருமா?

சரி, வாரம் ஒருமுறை நிதானமாக ஊறுவதற்குத்தானே என்பவர்களுக்கு: சூடு தாங்குவதில் வார்ப்பிரும்பும் அக்ரிலிக் பிளாஸ்டிக்கும் வேறு வேறு. வார்ப்பிரும்பு முதலில் தண்ணீரின் சூட்டைத் தானே உறிஞ்சிவிடும், அப்புறம் நெடுநேரம் பிடித்து வைத்திருக்கும். அக்ரிலிக் தொட்டதும் சில்லென்று இருக்காது. ஆனால் தனியாக நிற்கும்போது நாலு பக்கமும் காற்று. சுவரோடு கட்டியதில் பக்கவாட்டில் அடைத்திருப்பதால் சூடு அவ்வளவு சீக்கிரம் ஓடாது.

எண்ணெய்க் குளியலைப் பற்றி கடைக்காரர்கள் யாரும் பேசுவதில்லை. தீபாவளி விடியற்காலையில் நல்லெண்ணெய் தேய்த்துக்கொண்டு வீடே வரிசையில் நிற்கும். எண்ணெயும் சீயக்காயும் மஞ்சளும் ஒரே தொட்டியில் இறங்கினால் அக்ரிலிக் மஞ்சளை வாங்கிக்கொள்ளும், தேய்த்தால் கீறல் விழும். பழைய வார்ப்பிரும்பின் மேல் இருக்கிற சுட்ட எனாமல் பூச்சு இதற்கெல்லாம் அசராது. ஆனால் எண்ணெய்க் காலோடு உயரமான விளிம்பைத் தாண்டி ஏறுவது இரண்டிலும் ஆபத்து. கால் வைத்த தொட்டியின் விளிம்பு தரையிலிருந்து சுமார் 60 சென்டிமீட்டர். கட்டுத் தொட்டியைப் பத்து சென்டிமீட்டர் தாழ்வாக வைக்கலாம், பக்கத்துச் சுவரில் கைப்பிடி பதிக்கலாம், விளிம்பில் உட்கார்ந்து காலைத் திருப்பி உள்ளே வைக்க அகலமான திட்டும் கட்டலாம். தனியாக நிற்கிற தொட்டியில் அம்மா எதைப் பிடித்துக்கொள்வார்? ஈரமான வளைந்த விளிம்பைத்தான். முட்டி வலி உள்ள பெரியவர் வீட்டில் இருந்தால் நான் இதோடு பேச்சை முடித்துவிடுவேன்.

சுத்தம் செய்வதும் அப்படித்தான். சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே 15 சென்டிமீட்டராவது விட்டால்தான் மாப் நுழையும். பழைய குளியலறைகள் ஒடுக்கமானவை, ஏழெட்டு சென்டிமீட்டர்தான் கிடைக்கும், அந்த இடுக்கில் முடியும் சோப்பு நுரையும் சேர்ந்து, நம் கடற்கரை ஈரத்தில் கருப்புப் பூஞ்சை படரும். தொட்டிக்கு மேலேயே ஷவர் வைத்தால் சுற்றிலும் வளையக் கம்பியில் திரை போட வேண்டும், அது உடம்பில் ஒட்டும், தண்ணீர் பலகைத் தரைக்குத்தான் போகும். ஷவருக்குத் தனி மூலை இல்லாத வீட்டில் தனித் தொட்டியை நினைக்கவே வேண்டாம்.

நியாயமாகச் சொன்னால் ஒரு விஷயத்தில் தனித் தொட்டிதான் ஜெயிக்கிறது. குழாய் ஒழுகினால் குனிந்து பார்த்தாலே தெரியும். பலகைத் தரை வீட்டில் கீழிருந்தும் கைவைக்கலாம். கட்டுத் தொட்டியில் ஒழுகல் டைலுக்குப் பின்னால் மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும்.

நடுவழியாக ஒரு பக்கம் தட்டையாகச் சுவரோடு ஒட்டுகிற தொட்டிகளும் வருகின்றன. இடுக்குப் பிரச்சினை போகும், மற்றதெல்லாம் அப்படியே. கல்தூளைப் பிசினில் குழைத்து வார்க்கிற ரெசின் கல் தொட்டி பழைய வீட்டுக்குப் பொருந்தவும் பொருந்தாது, எடையும் வார்ப்பிரும்புக்குக் கிட்ட வரும்.

வீட்டிலேயே பழைய தொட்டி நிற்கிறதா? அதை வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. எடையைச் சுமந்து பழகிய இடத்தில் அது நிற்கிறது, அந்த வார்ப்பு இன்னும் இரண்டு தலைமுறைக்கு வரும். வீட்டிலேயே வந்து மேற்பூச்சு அடித்துத் தருகிறார்கள், ஆனால் அது பெயின்ட்டுதான், சூளையில் சுட்ட எனாமல் போல உழைக்காது. அதனால் மங்கல் மட்டும் என்றால் பூசாமலே விடுங்கள், கருத்துக் குழி விழுந்த இடம் இருந்தால் மட்டும் யோசியுங்கள். கால்களின் போல்ட்டுகளைக் கழற்றித் துரு நீக்கி வண்ணம் பூசுங்கள், கடல் காற்று முதலில் தின்பது அவற்றைத்தான். இன்னொன்று, 60 ஆண்டுகளுக்கு மேற்பட்ட கட்டடத்தை மாற்றியமைக்க 1999-ஆம் ஆண்டின் தேசியப் பாரம்பரிய வளச் சட்டப்படி அனுமதி வேண்டும். தொட்டிக்காகச் சுவரை இடிக்கும் யோசனை இருந்தால் முதலில் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கட்டுத் தொட்டிதான் என்று முடிவானால், கொத்தனாரிடம் வேலை தொடங்கும் முன்பே ஒன்றைச் சொல்லிவிடுங்கள்: வடிகால் இருக்கிற பக்கம், கை நுழைகிற அளவுக்கு, கழற்றி மாட்டுகிற ஒரு டைல் கதவு. வேண்டாம், அசிங்கமாக இருக்கும் என்று அவர் சொல்வார். விட்டுக்கொடுக்காதீர்கள்.