முத்திரை குத்துவது யார்: பிரிக்பீல்ட்ஸ் மாலை வகுப்பு பற்றி

மருத்துவத்தில் எழும் அறக் கேள்விகளை ஆராயும் உயிர் அறவியலைப் பல்லாண்டுகள் கற்பித்து ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் மாடி அறையொன்றில் தமிழில் நடத்திய சமூகப் பிறழ்வு (சமூக நெறிகளை மீறுவதாகக் கருதப்படும் நடத்தை) பற்றிய எட்டு வார வகுப்பைச் சென்ற சனிக்கிழமைதான் முடித்தேன். எச்செயலும் தன்னளவில் பிறழ்வாவதில்லை, பிறர் அப்பெயரைச் சூட்டும்போதே அவ்வாறாகிறது என்று 1963இல் அமெரிக்கச் சமூகவியலாளர் ஹோவர்ட் பெக்கர் முன்வைத்த கருத்தை அவர் விளக்கிய விதம், இருபது ஆண்டுகளாக ஆசிரியப் பணியிலிருக்கும் என்னையே நிமிர்ந்து உட்காரவைத்தது.

கோலாலம்பூருக்கு அருகே 1930இல் திறக்கப்பட்ட சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்புக்கு அவர் ஒதுக்கிய இரண்டு வாரங்களே வகுப்பின் உயிர். வெளியே செல்லாத, அங்கு மட்டுமே புழங்கிய பணத்தாளின் நகலை எங்கள் கையில் கொடுத்து, நோயாளியைக் குற்றவாளிபோல் ஒதுக்க மருத்துவமும் சட்டமும் எப்படிக் கைகோத்தன என்று அவர் நிதானமாகக் கேட்டபோது, பின்வரிசையில் இருந்த மூத்த செவிலியர் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அமெரிக்க மனநல மருத்துவர்கள் 1973இல் தன்பாலீர்ப்பை நோய்ப்பட்டியலிலிருந்து நீக்கியதை மட்டும் பத்தே நிமிடத்தில் கடந்துவிட்டார். அது எனக்கு உண்மையிலேயே வருத்தம். வாசிப்புத் தாள்கள் அனைத்தும் ஆங்கிலத்தில் இருப்பதும் பெரிய குறைதான், தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்களும் அங்கு ஆர்வத்தோடு வருகிறார்களே! அடுத்த சுற்றுக்குப் போகிறவர்கள் அரை மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள், அறை சிறியது.