தாய்க்கோழியைப் பார்க்காமல் குஞ்சு வாங்கிவிடாதீர்கள்

சிறுவிடை என்கிற சிறிய நாட்டுக்கோழிக் குஞ்சு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். போன ஆடியில் நான் ஏமாந்தேன். பணமாகப் போனது 7,000 ரூபாய்தான். அதோடு எட்டு மாத உழைப்பும் போயிற்று, நல்ல கொட்டகை ஒன்று சும்மா கிடக்கிறது.

ஒட்டன்சத்திரம் பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் இருக்கிறது. வேலை போக மிச்ச நேரத்தில் ஐந்தாறு வெள்ளாடு, கொஞ்சம் கோழி. இன்குபேட்டர் எல்லாம் வேண்டாம், கோழியே அடைகாத்துப் பொரிக்கட்டும் என்பது என் ஆசை. அதற்குச் சிறுவிடைதான் சரி. பெட்டை ஒன்றரைக் கிலோவைத் தாண்டுவது அபூர்வம். பத்துப் பதினைந்து முட்டை இட்டதும் தானாக அடையில் உட்கார்ந்துவிடும், குஞ்சைத் தூக்கப் பருந்து வந்தால் எதிர்த்து நிற்கும்.

வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் விளம்பரம் போட்டிருந்தார். சுத்தச் சிறுவிடை, ஒரு மாதக் குஞ்சு, எல்லா ஊசியும் போட்டது, ஒன்று 140 ரூபாய். கூடவே ஒரு வீடியோ. வேப்பமரத்தடியில் நீல டிரம் ஒன்று, அதைச் சுற்றி அருமையான கோழிகள். 50 குஞ்சுக்குப் பணம் அனுப்பிவிட்டு நேரில் போனேன். தாய்க்கோழிகளைப் பார்க்கலாமா என்று கேட்டேன். "வெளியாளை உள்ள விட்டா நோய் வந்துருங்க சார், யாரையும் விடறதில்ல" என்றார். நல்ல பண்ணைகளில் உண்மையிலேயே அப்படித்தான் செய்வார்கள். அதனால்தான் நம்பிவிட்டேன். வேலிக்கு இந்தப் பக்கம் நின்றாவது பார்க்கிறேன் என்று சொல்ல அப்போது தோன்றவில்லை. குஞ்சுகளைப் பெட்டியில் அடைத்து கேட்டுக்கே கொண்டுவந்து கொடுத்தார்.

வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அம்மா ஒரு குஞ்சைத் தூக்கிக் காலைப் பார்த்தார். "ஏங் கண்ணு, சிறுவிடைங்கற, காலு இத்தன தடியா இருக்குது?" என்றார். அவர் பேச்சை அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

எட்டாவது வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு ஆர்.டூ.பி. ஊசியை நானே போடவைத்தேன். பத்தாவது வாரம் ஒரு வெடை (இளம் பெட்டை) எழுந்திருக்க முடியாமல் சாய்ந்து கிடந்தது. ஒரு கால் முன்னால் நீட்டியபடி, இன்னொன்று பின்னால். தீனியைப் பார்த்துக் கழுத்தை நீட்டுகிறது, எட்டவில்லை. சத்துக்குறை என்று நினைத்துக் கால்சியம் கொடுத்தேன். ஒரு வாரத்தில் இன்னும் நான்கு விழுந்தன. செத்த ஒன்றைத் தூக்கிக்கொண்டு கால்நடை மருந்தகத்துக்கு ஓடினேன்.

டாக்டர் அறுத்து இரண்டு தொடைக்குள்ளும் ஓடுகிற நரம்பைக் காட்டினார். ஒரு பக்கம் வெள்ளை நூல் போல மெல்லிசாக இருந்தது. மறுபக்கம் அதே நரம்பு இரண்டு மடங்கு பருத்து, மங்கிப்போய் இருந்தது. மேரக்ஸ் என்றார், நரம்பைத் தாக்கும் வைரஸ் நோய். மருந்து கிடையாது. குஞ்சு பொரித்த முதல் நாளே கழுத்துத் தோலுக்கு அடியில் போடவேண்டிய ஊசி, பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள் என்றார்.

விற்றவருக்குப் போன் செய்தேன். "உங்க தீவனம் சரியில்ல சார்." மறுபடி அழைத்தபோது என் நம்பரைத் தடுத்துவிட்டார். எல்லா ஊசியும் என்றாரே, என்ன ஊசி, எந்தத் தேதியில் என்று வாங்கும்போதே நான் கேட்கவில்லை. நீங்கள் கேளுங்கள். முதல் நாள் மேரக்ஸ், முதல் வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு லசோட்டா, இரண்டாவது வாரம் கம்போரோ நோய்க்கான மருந்து என்று தேதியோடு சொல்லத் தெரியாதவரிடம் வாங்க வேண்டாம்.

50-இல் 17 செத்தன. மிச்சமிருந்த 19 பெட்டையும் 14 சேவலும் தேறின. பெட்டைகள் இரண்டு கிலோவைத் தாண்டி, ஆறாம் மாதம் முட்டைக்கு வந்தன. அம்மா கூடையில் மணல் பரப்பி, செள் (கோழிப்பேன்) அண்டாமல் இருக்க நொச்சித்தழை போட்டு, இடியில் முட்டை கெடாது என்ற நம்பிக்கையில் ஒரு இரும்பாணியும் கரித்துண்டும் வைத்துத் தயாராக இருந்தார். கோழிகள் முட்டையிட்டன, எழுந்து மேயப் போய்விட்டன. இரண்டு மாதம் பார்த்தோம், ஒன்றுகூட அடைக்கு உட்காரவில்லை. முட்டைக்கென்று வளர்க்கிற கிராஸ் ரகம் அது. முட்டை வேண்டுபவருக்கு அது நல்ல கோழிதான், ஆனால் நான் கேட்டதும் காசு கொடுத்ததும் சிறுவிடைக்கு.

மேரக்ஸ் கிருமி இறகுத்தூசியில் ஒட்டிக்கொண்டு கொட்டகையில் பல மாதம் இருக்குமாம். அதனால் எல்லாவற்றையும் விற்றுவிட்டு, கூளத்தை அள்ளி எரித்து, சுண்ணாம்பு அடித்து, கொட்டகையைச் சும்மா விட்டிருக்கிறேன்.

இனி குஞ்சே வாங்குவதாக இல்லை. பக்கத்து ஊரில் ஒரு பாட்டியிடம் சிறுவிடைகள் இருக்கின்றன. வாசலில் குஞ்சோடு திரிகிற தாயை என் கண்ணால் பார்த்தேன். ஆடு கட்டுகிற பக்கம், கொட்டகைக்கு எட்டத்தில், தனியாக ஒரு சாய்ப்பு இறக்கிக்கொண்டு அடைக்கோழியும் முட்டையும் அவரிடமே வாங்கப்போகிறேன்.

போன வாரம் வேறொரு குழுவில், வேறொரு நம்பரில், வேறொரு ஊர்ப் பெயரில் அதே வீடியோ வந்தது. அதே வேப்பமரம், அதே நீல டிரம். உங்களுக்கும் வந்தால் முன்பணம் போடாதீர்கள்.