காக்கட்டீலுக்கு வயிறு சரியில்லை: வீட்டு வைத்தியமா, எச்சப் பரிசோதனையா?

காரைக்குடிப் பக்கத்து வீடுகளில் எச்சம் நீர்த்துப்போனால் முதலில் நினைவுக்கு வருவது தயிர்சோறு. (நம் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972 வனவிலங்குச் சட்டப்படி குற்றம், நான் சொல்வது காக்கட்டீல் என்ற கொண்டை வைத்த சிறு வளர்ப்புக்கிளியைப் பற்றி.) பாலிலுள்ள சர்க்கரை பறவைக்குச் செரிக்காது. தயிரில் அது கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான். வீட்டில் செய்ய வேண்டியது வேறு: கூண்டை முற்றத்துக் காற்றிலிருந்து உள்ளே எடுத்து, ஒரு பக்கத்தை மட்டும் 30 டிகிரி அளவில் வெதுவெதுப்பாக வையுங்கள். வெள்ளரிக்காய் தின்ற பிறகு நீர் மட்டும் கூடியிருந்தால் இதுவே போதும்.

பரிசோதனைக்கு அலைச்சல் அதிகம். பக்கத்து மருந்தகத்தில் ஆடு மாடுதான் பெரும்பாலும் பார்ப்பார்கள். பறவை பார்ப்பவரைத் தேடிப் போகவேண்டும். ஆனாலும் என் ஓட்டு இதற்கே. கூண்டின் அடியில் வெள்ளைத்தாள் விரித்துப் பாருங்கள். நல்ல எச்சம் என்றால் பச்சையாக மலம், வெள்ளையாக யூரேட் (சிறுநீரின் கெட்டிப் பகுதி), சுற்றிலும் தெளிந்த நீர். எச்சத்தில் தினை முழுசாகக் கிடந்தால் செரிமானம் சரியாக நடக்கவில்லை. காரணம் பூஞ்சையா, பாக்டீரியாவா, ஒட்டுண்ணியா என்பதை நுண்ணோக்கிதான் சொல்லும். ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. இறகை உப்பிக்கொண்டு தீனியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தால், புது எச்சத்தோடு அன்றைக்கே கிளம்புங்கள்.