அஞ்சு சனிக்கிழமையும் ஒரு பின் வாங்கும்

கல்லடியில் ஒரு வீட்டு மேல்மாடியில் நடக்கும் பேச்சு வகுப்பைப் பற்றி இந்தக் கிழமை மட்டும் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். தனித்தனியே சொல்லிக் களைத்துப்போய் எழுதுகிறேன். பெயர் போடவில்லை. குறையும் சொல்லப்போகிறேன், நடத்துகிறவர்களை நான் சந்தையில் அடிக்கடி காண வேண்டியிருக்கிறது.

பேத்தி 10ஆம் தரம். 5 சனிக்கிழமை, பின்னேரம் இரண்டரை முதல் நாலரை வரை, 4000 ரூபா. சுற்றுச்சூழலுக்காகக் குரல் கொடுத்த இளம் பிள்ளைகளின் பேச்சுகளைப் பிரித்துப் பார்ப்பது, கடைசி நாளில் தாங்களே ஒன்று பேசுவது. அவளைக் கூட்டிப்போன நான், வெயிலில் வீட்டுக்கு வந்து திரும்பப் போகப் பஞ்சிப்பட்டுப் பின்வரிசை வாங்கில் இருந்துவிட்டேன். 30 வருடம் தமிழ் படிப்பித்தவன். தமிழ்த்தினப் போட்டிக்குப் பேச்சு எழுதிக்கொடுத்து, பாடமாக்க வைத்து, எந்த வரியில் கையை உயர்த்த வேண்டும் என்று பென்சிலால் கோடும் போட்டுக் கொடுத்த கூட்டத்தில் நானும் ஒருவன். ஆகவே குறை பிடிக்கிற எண்ணத்தோடுதான் இருந்தேன்.

முதல் நாள் அறிமுகம். சொல்ல ஒன்றுமில்லை.

இரண்டாம் நாள், 1992இல் ரியோ டி ஜெனீரோவில் நடந்த புவி உச்சி மாநாட்டில் கனடாவைச் சேர்ந்த 12 வயதுப் பிள்ளை செவர்ன் கல்லிஸ் சுசூகி பேசியது. படிப்பித்த தம்பி வீடியோவை வசனத்துக்கு வசனம் நிறுத்தினார். பலகையில் 'நான்', 'நாங்கள்', 'நீங்கள்' என்று மூன்று பெட்டி கீறி, இந்த வசனம் எந்தப் பெட்டிக்குள் போகும் என்று கேட்டார். இவ்வளவுதானா என்று நினைத்தேன். கால் மணித்தியாலத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். "நான் சின்னப் பிள்ளைதான்" என்று அவள் திரும்பத் திரும்பச் சொல்கிறாள். நம் மேடையில் இது அவையடக்கம், 'என் சிற்றறிவுக்கு எட்டியவரை' என்று தொடங்குவோமே, அது. அவளோ பணிந்த அடுத்த மூச்சிலேயே திருப்புகிறாள்: என்னிடம் தீர்வு இல்லை, உங்களிடமும் இல்லை, திருத்தத் தெரியாவிட்டால் உடைக்கிறதை நிறுத்துங்கள். அவையடக்கத்தைக் கொண்டே அவையை மடக்கலாம் என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. போருக்குச் செலவழிக்கும் காசைப் பற்றியும் அதில் பேசுகிறாள். அந்த வருடம் நாங்கள் சோதனைச் சாவடியில் சைக்கிளால் இறங்கி, உருட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தோம். அவள் பேசியது எங்கள் காதுக்கு வரவில்லை.

மூன்றாம் நாள் சுவீடன் பிள்ளை கிரேட்டா துன்பேர்க், 2019 செப்டெம்பர், நியூயோர்க்கில் ஐ.நா. காலநிலை மாநாடு. இங்கேதான் கோளாறு. கையில் தந்த தமிழாக்கம் கணினியில் போட்டு எடுத்தது என்பது முதல் வரியிலேயே தெரிந்தது. ஆங்கிலத்தில் 'வீ' என்று ஒரே சொல். தமிழில் நாம் வேறு, நாங்கள் வேறு. உங்களைக் கவனித்துக்கொண்டே இருப்போம் என்று அவள் தொடங்குகிறாள். அதற்குள் எதிரே இருக்கும் தலைவர்கள் இல்லை, ஆகவே 'நாங்கள்'. பேரழிவின் தொடக்கத்தில் இருக்கிறோம் என்னும்போது எல்லாரும் உள்ளே, அது 'நாம்'. தாளில் எல்லா இடமும் 'நாம்'. எச்சரிக்கை போய், ஆஸ்பத்திரியில் ஆளைப் பார்க்க வருகிற மாதிரி ஆகிவிட்டது. நம்மூர்ப் பேச்சில் எல்லாத்துக்கும் 'நாங்க'தான், உண்மை. மேடைக்கு அது காணாது.

பேச்சில் 4 தரம் வருகிற அந்த 'ஹௌ டெயார் யூ'வுக்கு 'நீங்கள் எப்படித் தைரியம்' என்று போட்டிருந்தார்கள். கையை உயர்த்தினேன். தம்பி முகம் சுளிக்கவில்லை, "ஐயா, நீங்களே சொல்லுங்க" என்றார். "என்ன துணிவு உங்களுக்கு" என்றேன். முன் வாங்கில் இருந்த ஏறாவூர்ப் பிள்ளை ஒன்று, "துணிவு எண்டா அரைவாசி புகழுற மாதிரி இருக்கு சேர். என்ன நெஞ்சழுத்தம்!" என்றது. எல்லாரும் அதையே தாளில் எழுதினோம், நானும்தான்.

அவ்வளவு கோபமான பேச்சுக்குள் ஏன் கணக்கு வருகிறது என்று பிறகு தம்பி கேட்டார். புவி வெப்பம் எல்லை மீறாமல் இருக்க, 2018 தொடக்கத்தில் உலகம் வெளிவிட மிஞ்சியிருந்தது 420 கிகாதொன் (ஒரு கிகாதொன் நூறு கோடி தொன்) கரியமில வாயு, இன்றைக்கு 350க்கும் குறைவு என்கிறாள். கடைக்காரர் கடன் கொப்பியை விரித்து வாசிக்கிற மாதிரி. கத்துகிறவரைச் சமாதானப்படுத்தலாம், கொப்பியோடு நிற்கிறவரை என்ன செய்வது?

நான்காம் நாள்தான் எனக்கு மனக்குறை. திருவண்ணாமலைப் பிள்ளை வினிஷா உமாசங்கர், சூரிய ஒளியில் இயங்கும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தவள், 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசியது. கோபப்பட எங்களுக்கு எல்லாக் காரணமும் உண்டு, ஆனால் எனக்குக் கோபத்துக்கு நேரமில்லை, செயலில் இறங்க வேண்டும் என்கிறாள். கிரேட்டாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் இரண்டு மணித்தியாலமும் போதாது. அன்றைக்குப் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. கடைசி 25 நிமிடத்தில் ஓட்டி முடித்தார்கள். ஈடுசெய்ய ஒரு மேலதிக வகுப்பு வைத்திருக்கலாம். வைக்கவில்லை.

மற்றதெல்லாம் பரவாயில்லை. படி செங்குத்து, மூட்டுவலிக்காரர் கவனம். இடைவேளையில் பிளேன்டீயும் உழுந்து வடையும், வடை நல்லது.

கடைசி நாள் பிள்ளைகளில் பாதிப் பேர் கிரேட்டா மாதிரியே கத்தினார்கள், யாரைப் பார்த்து என்றுதான் தெரியவில்லை. இதைத் தம்பி முன்னமே தடுத்திருக்க வேண்டும். மூன்று பெட்டி கீறியவர் உங்கள் பேச்சில் வரும் 'நீங்கள்' யார் என்று பிள்ளைகளிடம் கேட்காமல் விட்டுவிட்டார். அம்பாறைப் பொடியன் ஒருவன் மட்டும் பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பொலித்தீன் தின்று சாகும் யானைகளைப் பற்றிக் குரலை உயர்த்தாமல் பேசினான். "நாம் கட்டி எறிந்த சோத்துப் பை" என்று தொடங்கினான். நாம்! கை தட்டினேன்.

அப்புறம் பேத்தி. அவைத்தலைவர், நடுவர் என்று ஒருவரையும் விளிக்கவில்லை. நேரே பின் வாங்கைப் பார்த்து, "அம்மப்பா, வளவு மூலையில நீங்க ஞாயிற்றுக்கிழமைக் காலையில எரிக்கிற சொப்பிங் பேக்கைப் பற்றித்தான் பேசப் போறன்" என்றாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. அந்தப் புகை அடுத்த வீட்டுக் குழந்தையின் தொட்டிலுக்கு எந்த யன்னலால் போகிறது என்பதுவரை சொன்னாள். 3 நிமிடம்.

படியிறங்கும்போது, "எப்பிடி அம்மப்பா, என்ட பேச்சு?" என்றாள்.

"இரண்டு இடத்தில் ளகரம் பிசகிப்போச்சு, மகள்" என்றேன்.