திருக்கச்சைக் கண்காட்சி: துணி முழு அளவு, விளக்கம் பாதி அளவு

களியக்காவிளை தாண்டி கேரளா பக்கம் ஒரு சர்ச் ஹாலில் தூரின் திருக்கச்சைக் கண்காட்சி போட்டிருக்கிறார்கள். இயேசுவை அடக்கம் செய்தபோது சுற்றியது என்று பலரும் நம்பும் துணியின் நகல். அசல் இத்தாலியில் தூரின் பேராலயத்தில் இருக்கிறது. இதே செட்டை ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள், அடுத்து மார்த்தாண்டத்துக்கோ தக்கலைக்கோ வந்தாலும் வரலாம், அதனால் எழுதி வைக்கிறேன். டிக்கெட் 50 ரூபாய், சின்னப் பிள்ளைகளுக்குக் கிடையாது. நான் சி.எஸ்.ஐ., வீட்டுக்காரி ஆர்.சி., ஆக எங்கள் வீட்டில் இந்தத் துணி உண்மையா இல்லையா என்ற வாக்குவாதம் கல்யாணத்துக்கு முன்பே தொடங்கியாயிற்று.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். நகல் முழு அளவு, 4.4 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம். நீள மேசையில் விரித்து வைத்து கயிறு மட்டும் கட்டியிருக்கிறார்கள், யாரும் பின்னால் நின்று தள்ளுவதில்லை, சாவகாசமாகப் பார்க்கலாம். பாதித் துணியில் முன்பக்கம், மறுபாதியில் முதுகு, இரண்டு தலையும் நடுவில் வந்து சேர்கின்றன. குனிந்து கிட்டத்தில் பார்த்தால் வெறும் வைக்கோல் நிறக் கறைதான், ஒன்றும் பிடிபடாது, நாலடி பின்னால் வந்தால் முகமும் மடக்கி வைத்த கைகளும் கூடி வருகின்றன. போனில் பார்த்தவர்களுக்கு இது புரியவே புரியாது.

ஆனால் நகலிலேயே ஒரு இடறல். அசல் லினன் துணி மீன்முள் மாதிரி சாய்சாய்வாக நெய்தது. இங்கே சாதா நெசவுத் துணியில் அந்த முள் வரிகளை அச்சடித்து விட்டிருக்கிறார்கள். அதோடு 1532இல், துணி அப்போது இருந்த ஷாம்பெரி என்ற ஊரில் தீப்பிடித்த பிறகு கன்னியாஸ்திரீகள் தைத்த முக்கோண ஒட்டுகள் இந்த நகலில் அப்படியே இருக்கின்றன, அசலில் அவற்றை 2002லேயே பிரித்து எடுத்துவிட்டார்கள். அதாவது பழைய போட்டோவில் இருந்து அடித்த பிரதி. அதை எங்கேயும் சொல்லவில்லை, ஒரு வரி எழுதியிருந்தால் போதும்.

இருட்டு அறைதான் உச்சம். 1898இல் செகொந்தோ பியா என்ற வக்கீல் அந்தத் துணியைப் போட்டோ எடுத்து, போட்டோத் தட்டைக் கழுவிப் பார்த்தபோது நெகட்டிவில் ஒரு மனித முகம் பாசிட்டிவாகத் தெரிந்த கதையை விளக்குப் போட்டுக் காட்டுகிறார்கள். நெகட்டிவ் என்றால் என்னவென்றே தெரியாத பிள்ளைகளுக்கு அங்கே நின்ற சிஸ்டர் தன் போனில் நிறத்தைத் தலைகீழாக்கிக் காட்டினார், சட்டென்று விளங்கியது. கொடுத்த 50 ரூபாய் இந்த அறைக்கே சரியாகப் போயிற்று.

அடுத்த ஹாலில்தான் எனக்குக் கோபம் வந்தது. சுவர் முழுக்க "விசுவாசமா விஞ்ஞானமா" என்று இரண்டு கட்சி பிரித்து வைத்திருக்கிறார்கள். துணியின் வயதைக் கணக்கிட்ட 1988 கார்பன் சோதனை ஒரு மூலையில், பக்கத்தில் சிவப்பில் "தவறு" என்று முத்திரை. விளக்கம் சொல்ல நின்ற ரிட்டயர்ட் வாத்தியார் ஒருவரிடம் கேட்டேன்.

"அதெல்லாம் பொய்யிண்ணு நிரூபிச்சாச்சுல்லா மக்களே."

"யாரு சார் நிரூபிச்சது?"

"இன்டர்நெட்ல கெடக்கு, பாரு."

சரி, பார்த்ததைச் சொல்கிறேன். ஆக்ஸ்ஃபோர்டு, சூரிச், அரிசோனா மூன்று ஆய்வகமும் தனித்தனியாகச் சோதித்து, துணி 1260க்கும் 1390க்கும் இடையில் என்று சொல்லி, 1989இல் நேச்சர் என்ற அறிவியல் இதழில் வந்தது. இதில் நியாயமான கேள்வி ஒன்று உண்டு: மூன்று பேருக்கும் போன துண்டுகள் ஒரே மூலையில் வெட்டியவை. அந்த மூலை பிற்காலத்தில் பருத்தி நூல் சேர்த்து ஒட்டுப்போட்ட இடம் என்று ரேமண்ட் ரோஜர்ஸ் என்ற வேதியியலாளர் 2005இல் எழுதினார். சும்மா ஆள் இல்லை, 1978இல் துணியை நேரில் ஆராய்ந்த அமெரிக்கக் குழுவில் இருந்தவர். ஆனால் 2002இல் ஒட்டுகளைப் பிரித்த ஜவுளி நிபுணர் மெக்டில்ட் ஃப்ளூரி லெம்பெர்க் அந்த மூலையில் மறைவான தையல் எதுவும் இல்லை என்றார். தீயின் புகை, கைபட்ட அழுக்கு இதெல்லாம் கணக்கைக் கெடுத்திருக்கும் என்றும் சொல்கிறார்கள். முதல் நூற்றாண்டுத் துணி பதினாலாம் நூற்றாண்டாகத் தெரிய வேண்டுமானால் அதிலுள்ள கார்பனில் பாதிக்கு மேல் பிற்காலத்தில் வந்து சேர்ந்ததாக இருக்க வேண்டும், அப்புறம் அதைத் துணி என்பதா அழுக்கு என்பதா?

எதிர்ப்பக்கத்தில் 2022 எக்ஸ்ரே ஆய்வு மட்டும் ஆளுயரத்துக்குத் தொங்குகிறது, "2000 வருடம் உறுதி" என்று. அந்த ஆய்வு செய்தவர்களே நிபந்தனை போட்டிருக்கிறார்கள்: ஐரோப்பாவில் வெளிப்படுவதற்கு முந்தைய 13 நூற்றாண்டும் துணி சராசரியாக 20 முதல் 22.5 டிகிரி வெப்பத்தில் இருந்திருந்தால் பொருந்தும். அந்தக் காலத்தில் அது எங்கே இருந்தது என்பதற்கே உறுதியான சான்று இல்லை, வெப்பத்துக்கு எங்கே போவது?

எனக்கு உண்மையில் பெரிய குறை, இங்கே சொல்லாமல் விட்டது. இந்தத் துணி பற்றி உறுதியான தகவல் தொடங்குவதே 1350களில், பிரான்சில் லிரே என்ற ஊரில்தான். அடுத்த தலைமுறைக்குள், 1389இல், அந்தப் பகுதி ஆயர் (பிஷப்) பியேர் தார்சி, இது வரைந்தது, வரைந்தவனே ஒத்துக்கொண்டான் என்று அவிஞ்ஞோன் என்ற ஊரில் இருந்த பாப்புவுக்கு (போப்புக்கு) கடிதம் எழுதினார். முதலில் சந்தேகப்பட்டது ஆயர் ஐயா, லேப் கோட் போட்ட ஆள் இல்லை! அந்தப் பக்கம் பார்த்தால், 1978 குழு 120 மணி நேரம் ஆராய்ந்து, ஓவியன் தீட்டியது இல்லை, உருவம் எப்படி வந்தது என்று விளக்க முடியவில்லை என்றது. அந்தக் குழுவின் போட்டோகிராபர் பாரி ஷ்வோர்ட்ஸ் ஒரு யூதர், வருஷக்கணக்காக யோசித்துத் துணி உண்மை என்ற முடிவுக்கு வந்தவர். அதே குழுவுக்காக மாதிரிகளைப் பார்த்த வால்ட்டர் மெக்ரோன், இல்லை, செங்காவிப் பொடியால் தீட்டியதுதான் என்று கடைசிவரை நின்றார். இதில் யார் விசுவாசம், யார் விஞ்ஞானம்? சுவரில் போட்ட கோடு எங்கேயும் ஒட்டவில்லை.

1998இல் தூரினுக்குப் போன திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலே, இது விசுவாசம் சம்பந்தப்பட்ட காரியம் இல்லை, தீர்ப்புச் சொல்ல திருச்சபைக்குத் தனித் தகுதி இல்லை, விஞ்ஞானிகள் ஆராயட்டும் என்று பேசினார். அவருடைய பெரிய படம் வாசலில் மாலையோடு இருக்கிறது, பேச்சு மட்டும் இல்லை. வீட்டுக்காரியே, "இத எழுதிப் போட்டா என்ன கொறஞ்சி போகும்?" என்று கேட்டாள், இந்த விஷயத்தில் நாங்கள் ஒத்துப்போவது அபூர்வம். அவள் துணி உண்மை என்றே நம்புகிறாள். நான் நம்பவில்லை, யோவான் நற்செய்தி 20ஆம் அதிகாரத்தில் தலைச்சீலை தனியே சுருட்டியிருந்தது, அதாவது தலைக்கு வேறு துணி, என்று இருப்பதும் எனக்கு ஒரு காரணம்.

"இந்தியாவில் நெய்ததா?" என்று ஒரு பலகை, அதன் முன்னால்தான் செல்ஃபிக் கூட்டம். துணியில் உறிஞ்சி எடுத்த தூசியில் பல நாட்டு மனிதர்களின் மரபணு கிடைத்தது, இந்திய வம்சாவளியும் அதில் உண்டு என்று 2015இல் ஆய்வு வந்தது உண்மை. தொட்டவர் எல்லாருடைய தூசியும் சேரத்தானே செய்யும்.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டிப் போகலாம், ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். தமிழ்ப் பலகைகள் மலையாளத்தில் இருந்து அவசரத்தில் மாற்றியவை, பாதி புரியவில்லை. மலையாளம் வாசிப்பவர்கள் அதையே வாசியுங்கள். ஞாயிறு பூசை முடிந்த நேரம் வேண்டாம், கால் வைக்க இடமிருக்காது. கடையில் விற்கும் கைக்குட்டை அளவு நகல் சாயம் போகிறது, இருட்டறை நெகட்டிவ் படம் போட்ட அட்டை 20 ரூபாய்க்கு இருக்கிறது, அதை வாங்குங்கள்.