பழைய ரேடியோ போர்டுக்கு ஸ்பேர் தேடுகிறீர்களா? சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாடிக் கடைக்குப் போங்கள்

அப்பாவின் மூன்று பேண்ட் ட்ரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வேண்டியது ஏசி128 என்ற பழைய ட்ரான்சிஸ்டர், இரண்டே இரண்டு. அதற்கு நான்கு மாதம் அலைந்தேன்.

முதலில் ஆன்லைனில் வாங்கினேன். பளபளவென்று புது எழுத்தோடு வந்தது. மாட்டினால், சத்தத்தைக் குறைக்கும்போதெல்லாம் குரல் பிசிறடித்தது. அப்புறம்தான் மல்டிமீட்டரை டையோடு நிலையில் வைத்துப் பார்த்தேன், 0.65 வோல்ட் காட்டியது. ஏசி128 ஜெர்மானியத்தால் செய்தது, 0.2 பக்கம்தான் காட்ட வேண்டும். ஏதோ சிலிக்கான் ட்ரான்சிஸ்டரின் மேல் எழுத்தை அழித்து ஏசி128 என்று அச்சடித்து விற்றிருக்கிறார்கள். ஜெர்மானியத்துக்கென்று போட்ட பயாஸ், அதாவது ட்ரான்சிஸ்டரைத் தயார் நிலையில் வைக்கிற சிறு வோல்டேஜ், சிலிக்கானுக்குப் போதாது, அதுதான் பிசிறு. காசு போனதைவிட, அந்தப் பழைய போர்டில் வீணாக இரண்டு முறை சூடு வைத்ததுதான் மனதைப் பிசைந்தது.

சரி என்று போர்டையே கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போனேன். அரசினர் தோட்டம் மெட்ரோவிலிருந்து நடக்கிற தூரம்தான். தெருமுனைக் கடைகளில் கேட்டுப் பிரயோஜனமில்லை, எல்லாம் சிசிடிவி, எல்இடி, செல்போன் சாமான். நரசிங்கபுரம் தெருப் பக்கம் கேட்டுக் கேட்டுப் போனதில் ஒருவர் மாடியைக் காட்டினார். பெயர்ப்பலகைகூட இல்லாத சின்னக் கடை. சுவர் முழுக்கப் பழைய பிஸ்கட் டின்கள், ஒவ்வொன்றிலும் மார்க்கரில் நம்பர்.

"ஏசி128 இருக்கா பாய்?" என்றேன். பதிலுக்கு அவர் கேட்டது, "போர்டு கொண்டு வந்திருக்கியா தம்பி?"

எடுத்துக் கொடுத்தேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, ட்ரைவர் ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு ஒரு டின்னைக் கவிழ்த்தார். பெங்களூர் பெல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) தயாரிப்பு, கால்கள் கறுத்துப்போன பழைய சரக்கு. ஒவ்வொன்றாக மீட்டரில் வைத்தார், லீக்கேஜும், அதாவது ஆஃப் நிலையிலும் கசிகிற கரண்டும், பார்த்தார். ஒன்றை இரண்டு விரலால் பிடிக்கச் சொன்னார். பிடித்ததும் முள் மெல்ல ஏறியது. "உடம்புச் சூட்டுக்கே இவ்வளவு ஏறுது, இது வேணாம்" என்று ஓரமாக வைத்தார். இருபதுக்கு மேல் பார்த்து, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிற ஜோடியைத் தேர்ந்தெடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. ஜோடி 160 ரூபாய். ஆன்லைனில் கொடுத்ததைவிட அதிகம்தான், ஆனால் நம் கண்ணெதிரே சோதித்துக் கொடுக்கிறார்.

எனக்கு அவர் மேல் முழு நம்பிக்கை வந்தது அதற்கப்புறம்தான். ஏஎஃப்117 என்ற இன்னொரு ட்ரான்சிஸ்டரும் போயிருக்கிறது, கொடுங்கள் என்றேன். டின்னில் இருந்தது, தரவில்லை. அந்த வகையில் உலோக மூடிக்கு உள்ளே மயிரிழை போல வெள்ளீயம் முளைத்து ஷார்ட் ஆகுமாம், பிரிக்காத புது சரக்கிலும் அப்படித்தானாம். "நாலாவது காலை மட்டும் வெட்டிப் பாரு, வேலை செஞ்சாலும் செய்யும்" என்றார். அந்தக் கால் மூடியைக் கிரவுண்டோடு இணைப்பது. வெட்டினேன், ஷார்ட் விலகி அந்த ஸ்டேஜ் உயிர் பெற்றது. பழைய எலெக்ட்ரோலிட்டிக் கண்டென்சரும் அவர் விற்பதில்லை. சும்மா கிடந்தாலே காய்ந்துபோகும், கீழே கடையில் புதுசாக 105 டிகிரி சூடு தாங்கும் என்று போட்டதை வாங்கிக்கொள் என்று அனுப்பிவிட்டார்.

குறையும் உண்டு. பில் கிடையாது, வாங்கியதைத் திருப்பி எடுக்கமாட்டார். போனில் கேட்டால் இருக்கு, இல்லை என்று சொல்வதில்லை, நேரில்தான் போக வேண்டும். ஐஎஃப் காயில் (ரேடியோவுக்குள் அலைவரிசையைப் பிரிக்க உதவும் சுருள்) கேட்டால் பழைய போர்டிலிருந்து கழற்றியதுதான் கிடைக்கிறது, அதில் ஒன்றின் கோர், நடுவில் திருகுகிற துண்டு, உடைந்திருந்தது, கோரை அங்கேயே திருகிப் பார்த்து வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை போகாதீர்கள், தெருவே பெரும்பாலும் மூடியிருக்கும்.

போகிறவர்கள் நம்பரை மட்டும் எழுதிக்கொண்டு போகாமல், போர்டையும் பழுதான ஸ்பேரையும் கையோடு எடுத்துப் போங்கள். மாட்டும்போது ட்ரான்சிஸ்டர் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு சால்டர் வையுங்கள், ஜெர்மானியம் சூடு தாங்காது.

ரேடியோ இப்போது எவ்வளவு மெதுவாக வைத்தாலும் தெளிவாகப் பாடுகிறது. பேண்ட் சுவிட்ச் மட்டும் இன்னும் கரகரக்கிறது. கழற்றி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை பாயிடம் கொண்டு போக வேண்டும்.