தலைப்பிரசவத்துக்கு எந்த வகுப்பு? காரைக்குடிப் பக்கத்துக் குடும்பங்களுக்கு ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர், புதுவயல் பக்கமெல்லாம் தலைப்பிரசவம் இன்றும் அம்மா வீட்டுப் பொறுப்புதான். பெண் சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்ப்பாள், மாப்பிள்ளை சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பார், ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை ஊருக்கு அழைத்து வந்துவிடுவார்கள். பிரசவத் தயாரிப்பு வகுப்புகளைப் பற்றி இணையத்தில் வரும் அறிவுரைகளில் பெரும்பாலானவை, கணவனும் மனைவியும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள், வலி வந்ததும் சேர்ந்தே ஆஸ்பத்திரிக்குப் போவார்கள், லேபர் அறையிலும் கணவன் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று வைத்துக்கொண்டு எழுதப்பட்டவை. நம் ஊரில் அந்த இடத்தில் நிற்பது அநேகமாக அம்மாதான். அம்மா இல்லாவிட்டால் சித்தி, அக்கா, அத்தை என்று யாராவது ஒருவர்.

அதனால் எந்த வகுப்பை எடுத்துக்கொண்டாலும் நான் முதலில் கேட்பது இரண்டு கேள்விகள். வலி நேரத்தில் பக்கத்தில் நிற்கப்போகிறவர் இந்த வகுப்பில் உட்கார்ந்து புரிந்துகொள்ள முடியுமா? இங்கே சொல்லித்தருவதை, நாம் பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியில் செய்ய விடுவார்களா? கட்டணம், சான்றிதழ், எத்தனை வாரம் என்பதெல்லாம் இவற்றுக்கு அப்புறம்தான்.

அரசு ஆஸ்பத்திரி வழி

இங்கே 'வகுப்பு' என்று போர்டு எதுவும் மாட்டியிருக்காது. அதனாலேயே பலர் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆரம்ப சுகாதார நிலையங்களில் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளுக்கான நாள். 2016இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தின்படி ஒவ்வொரு மாதமும் 9ஆம் தேதி டாக்டர் பரிசோதனையும் உண்டு. கிராம சுகாதார செவிலியரிடம் பதிவு செய்து பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிந்ததற்கான அரசு எண்) வாங்குவது எப்படியும் செய்தாக வேண்டியது. தனியாரில் பிரசவம் பார்ப்பவர்களுக்கும், பிறகு பிறப்புச் சான்றிதழ் வாங்கும்போது அந்த எண் கேட்கப்படும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலான 18,000 ரூபாய் மகப்பேறு உதவிக்குத் தகுதி உள்ளவர்கள் விண்ணப்பிப்பதும் அந்தச் செவிலியர் மூலமாகத்தான். முத்துலட்சுமி அம்மையார் 1886இல் பிறந்தது பக்கத்துப் புதுக்கோட்டையில்.

இந்த வழியின் பலம் அபாய அறிகுறிகளைச் சொல்லித்தருவது. ரத்தசோகை, ரத்த அழுத்தம், கால் வீக்கம், பிள்ளையின் அசைவு என்று எதைக் கவனிக்க வேண்டும் என்பதை, தினமும் கர்ப்பிணிகளைப் பார்க்கிற நர்ஸ் தமிழிலேயே சொல்கிறார். காசும் கிடையாது. கூட வந்த அம்மாவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார் என்பதால் என் முதல் கேள்விக்கு இங்கே முழு மதிப்பெண். தமிழ்நாட்டு அரசு ஆஸ்பத்திரிகளில் பிரசவ நேரத்தில் துணைக்கு ஒரு பெண்ணை உள்ளே அனுமதிக்கும் ஏற்பாடு பல வருடங்களாக இருக்கிறது. கேட்டுப் பெற வேண்டிய வசதி அது.

குறை நேரம்தான். கூட்டமான நாளில் ஒருவருக்குச் சில நிமிடம் கிடைத்தாலே பெரிது. ஒரு கையால் பிபி பட்டையைச் சுற்றிக்கொண்டே "இரும்பு மாத்திரையை டீயோட போடாதீங்க, எலுமிச்சை சாறோட போடுங்க" என்று சொல்லி முடிக்கும்போது அடுத்தவர் ஸ்டூலில் வந்து உட்கார்ந்திருப்பார். வலியை எப்படித் தாங்குவது, எப்படி மூச்சு விடுவது, எந்த நிலையில் இருந்தால் இடுப்புக்கு இதமாக இருக்கும் என்பதற்கெல்லாம் அங்கே இடமில்லை. கேள்விகளைத் தாளில் எழுதிக்கொண்டு போனால் பாதிக்காவது பதில் கிடைக்கும். காரைக்குடி அரசு தலைமை மருத்துவமனையில் பார்ப்பதாக இருந்தால், சிக்கல் வந்தால் எங்கே அனுப்புவார்கள் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சிவகங்கை மருத்துவக் கல்லூரியா, வேறு இடமா என்று முன்கூட்டியே தெரிந்தால் வீட்டில் பதற்றம் பாதியாகக் குறையும்.

தனியார் ஆஸ்பத்திரி நடத்தும் வகுப்பு

பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரியே வகுப்பு நடத்தினால் என் இரண்டாவது கேள்விக்கு அதைவிட நல்ல பதில் கிடையாது. லேபர் அறையைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். வலி வந்ததும் எந்த வாசல் வழியாக வரவேண்டும், இரவு டியூட்டியில் யார் இருப்பார்கள், முதுகில் ஊசி போட்டு வலியைக் குறைக்கும் வசதி உண்டா, அதற்கான மயக்க மருந்து டாக்டர் இங்கேயே இருக்கிறாரா அல்லது கூப்பிட்டால்தான் வருவாரா என்பதெல்லாம் நேரடியாகத் தெரிந்துவிடும். நம் பக்கத்துச் சிறு ஊர்களில் அந்த ஊசி எல்லா இடத்திலும் கிடைக்காது. அதை நம்பியே மனதைத் தயார் செய்துவிட்டுப் போய், அங்கே இல்லை என்று தெரிந்தால் அந்தப் பெண் தவித்துப்போவாள்.

ஆனால் வகுப்பு என்ற பெயரில் வியாபாரம் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும். என் தங்கை போன ஒரு வகுப்பில் பாதி நேரத்தைத் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமித்து வைக்கும் கம்பெனியின் ஆள் எடுத்துக்கொண்டார். பிள்ளையின் வருங்கால உபயோகத்துக்கென்று தனியாரிடம் அப்படிச் சேமித்துவைக்க அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2017 வழிகாட்டுதலிலேயே சொல்லிவிட்டது. இதை அங்கே யாரும் சொல்லவில்லை. நிறைமாதப் பெண்ணின் பயத்தை வைத்து இப்படிக் காசு பார்ப்பது எனக்குக் கொஞ்சமும் பொறுக்கவில்லை. பால் பவுடர் மாதிரி டப்பா கொடுத்தாலும் வாங்காதீர்கள். 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி அப்படி விளம்பரம் செய்வதே குற்றம்.

இன்னொன்று, சிசேரியனைப் பற்றி எவ்வளவு பேசுகிறார்கள் என்று கவனியுங்கள். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். தனியார் ஆஸ்பத்திரிகளில் மட்டும் எடுத்தால் 63.8 சதவீதம். நாடு முழுவதற்குமான அளவு 21.5தான். இது குறைய வேண்டிய எண்தான், சந்தேகமே இல்லை. அதே சமயம், இவ்வளவு பேருக்கு நடக்கிற ஒன்றைச் சொல்லித்தராத வகுப்பு அரைகுறை வகுப்பு. எப்போது அது உயிர்காக்கும், எந்தக் காரணம் சொன்னால் "கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்க்கலாமா டாக்டர்?" என்று கேட்கலாம், ஆபரேஷனுக்குப் பின் எப்போது எழுந்து நடக்கலாம், தையல் இழுக்காமல் பிள்ளையை எப்படி வைத்துப் பால் கொடுப்பது என்று சொல்லித்தர வேண்டும். சிசேரியனைத் தோல்வியாகப் பேசும் வகுப்பு எதுவாக இருந்தாலும் அங்கிருந்து எழுந்து வந்துவிடலாம்.

ஆன்லைன் வகுப்புகள்: லமாஸ், பிராட்லி, ஹிப்னோபர்த்திங்

பெயரைப் பார்த்து மிரள வேண்டாம். மூன்றுக்கும் அடிப்படை ஒன்றுதான். பயந்தால் உடம்பு இறுகும், இறுகினால் வலி கூடும், வலி கூடினால் பயம் இன்னும் ஏறும். கிராண்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர் இந்தச் சுழலை விளக்கினார். பிரான்சின் ஃபெர்னாண்ட் லமாஸ் 1951இல் சோவியத் நாட்டுக்குப் போனபோது, மருந்தில்லாமல் மூச்சுப் பயிற்சியும் மனப்பயிற்சியும் கொடுத்துப் பிரசவம் பார்ப்பதைக் கண்டு அந்த முறையைப் பாரிஸுக்குக் கொண்டுவந்தார். அமெரிக்க டாக்டர் ராபர்ட் பிராட்லி கணவனையே பயிற்சியாளராக நிறுத்தினார். ஹிப்னோபர்த்திங் இவற்றுக்கெல்லாம் பிந்தியது. கண்ணை மூடி உடம்பைத் தளர்த்தும் பயிற்சிதான் அதில் பிரதானம்.

பிராட்லி முறை 12 வாரம் நடக்கும். கணவன் கூடவே இருந்தாக வேண்டும். மாப்பிள்ளை ஊரில் இருந்து, கணவனை உள்ளே விடும் ஆஸ்பத்திரியிலும் பார்ப்பதாக இருந்தால் சேரலாம். நம் வீடுகளில் பாதிக்கு அது ஒத்துவராது. ஹிப்னோபர்த்திங் தூக்கம் வராமல் பயந்துகொண்டிருக்கும் பெண்ணுக்கு இதமாக இருக்கும். ஆனால் "வலியே தெரியாது" என்று சொல்லிச் சேர்க்கிறவர்களை நான் நம்பமாட்டேன்.

லமாஸ் வழி வந்த வகுப்புகளே நம் வழக்கத்துக்கு அதிகம் பொருந்துகின்றன. இன்றைய லமாஸ் வெறும் மூச்சுப் பயிற்சி அல்ல. வலி தானாக வரட்டும் என்று காத்திருப்பது, வலி நேரத்தில் நடமாடுவது, நம்பிக்கையான ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வது, மருத்துவத் தேவை இல்லாத தலையீடுகளைத் தவிர்ப்பது, மல்லாந்து படுக்காமல் உந்துதல் வரும்போது முக்குவது, பிறந்ததும் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் வைப்பது என்ற ஆறும்தான் அதன் சாரம். துணைக்கு நிற்பவர் கணவனாகத்தான் இருக்க வேண்டும் என்று அதில் எங்கும் இல்லை. தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்தால் சுகப்பிரசவ வாய்ப்பு கூடுகிறது, சிசேரியன் குறைகிறது என்று 15,000க்கும் மேற்பட்ட பெண்களைச் சேர்த்துப் பார்த்த 2017ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும் (மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து அலசும் கோக்ரேன் அமைப்புடையது) சொல்கிறது.

தங்கை கடைசியில் சேர்ந்தது தமிழில் நடந்த இப்படியொரு ஆன்லைன் வகுப்பில். போனைத் திண்ணைத் தூணில் சாய்த்து வைத்துவிட்டு அம்மாவும் அவளும் உட்கார்ந்தார்கள். வகுப்பு இரவு ஏழு மணிக்கு என்றால் மாப்பிள்ளைக்குச் சிங்கப்பூரில் ஒன்பதரை, அவரும் அங்கிருந்தே சேர்ந்துகொண்டார். இடுப்பு வலிக்கு அமுக்கிவிடும் பாடம் வந்தது. தங்கை வளவில் (வீட்டு உள்முற்றத்தில்) தூணைக் கட்டிப்பிடித்துக் கொஞ்சம் முன்னால் சாய்ந்து நின்றாள். முதுகெலும்பு முடிகிற இடத்துக்கு மேலே உள்ள தட்டையான எலும்பில் அம்மா உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து அழுத்தினார். வலி ஏறும்போது அழுத்தம், இறங்கும்போது விடுதல். விரலால் அமுக்கினால் கை சீக்கிரம் சோர்ந்துவிடும், முழங்கையை மடக்காமல் உடம்பின் பாரத்தைக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியை திருத்தினார். எங்கள் பாட்டி, ஆயா, நாற்காலியில் உட்கார்ந்தபடி, "நாங்கள்லாம் என்ன கிளாஸுக்கா போனோம்? எங்க ஆத்தா இப்படித்தான் அமுக்கிவிட்டாக" என்றார். அதன்பின் ஒரு வகுப்பையும் அவர் தவறவிடவில்லை.

ஆயா கேட்டதில் இன்னொரு நன்மையும் வந்தது. பிறந்த பிள்ளைக்குச் சேனை (சர்க்கரைத் தண்ணீர்) தொட்டு வைப்பது, சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டுவது, பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீரைக் குறைப்பது போன்ற பழக்கங்கள் கூடாது என்று பேத்தி சொன்னால் வீட்டில் சண்டை வரும். ஆசிரியை "ஆச்சி, முதல் ஒரு மணி நேரத்துக்குள்ள தாய்ப்பால்தான், வேற எதுவும் நாக்குல படக்கூடாது" என்று சொன்னபோது மறுபேச்சு எழவில்லை.

இந்த வழியின் குறை, சொல்லித்தருபவருக்கு உங்கள் ஆஸ்பத்திரி தெரியாது. நல்ல ஆசிரியை என்றால் உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டியவற்றை எழுதிக்கொடுத்து அனுப்புவார். டாக்டரோடு மல்லுக்கட்டச் சொல்பவர் வேண்டாம். ஆங்கிலத்தில் மட்டும் நடப்பதும் அம்மாவை ஒதுக்கிவிடும்.

மற்றவை

மதுரைக்கும் திருச்சிக்கும் போய் வார இறுதி வகுப்பில் சேர்பவர்கள் இருக்கிறார்கள். வகுப்பு நன்றாகவே இருந்தாலும், எட்டாம் மாதத்தில் போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம் என்று பயணம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிரசவமும் அங்கேதான் என்றால் சரி.

கர்ப்பகால யோகா உடம்புக்கு நல்லது. அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் உள்ள யோகா, இயற்கை மருத்துவப் பிரிவில் கேட்டுப்பாருங்கள். டாக்டர் சம்மதம் வேண்டும். ஆசிரியருக்குக் கர்ப்பிணிகளைப் பழக்கிய அனுபவமும் வேண்டும். ஆனால் யோகா மட்டும் பிரசவ வகுப்பு ஆகிவிடாது.

கருவிலேயே அறிவான, சிவப்பான பிள்ளையை உருவாக்குகிறோம் என்று ஆயிரக்கணக்கில் கட்டணம் வாங்கும் கர்ப்ப சம்ஸ்கார வகுப்புகளை நான் பட்டியலின் கடைசியில்கூட வைக்கமாட்டேன். ஆறாம் மாதத்துக்குப் பிறகு கருவுக்குக் காது கேட்கும், தாயின் குரலைப் பிறந்த பிள்ளை அடையாளம் காணும் என்பதெல்லாம் உண்மை. அதற்கு அம்மா பேசினாலும் பாடினாலும் போதும். ஆண்பிள்ளைக்கு வழி சொல்வதாக யாராவது பேச்செடுத்தால் உடனே வெளியேறுங்கள்.

என் தேர்வு

அரசிலோ தனியாரிலோ, பிரசவம் பார்க்கும் இடத்தில் கிடைப்பதை முதலில் முழுமையாக வாங்கிக்கொள்ளுங்கள். அதோடு தமிழில் நடக்கும் ஒரு சிறு ஆன்லைன் வகுப்பை, கூட நிற்கப்போகிறவரையும் உட்காரவைத்துக் கேளுங்கள். 28 வாரத்தில் தொடங்கினால் பழகிப்பார்க்க நேரம் இருக்கும். வளைகாப்பு முடிந்து ஊருக்கு வரும் சமயமும் அதுதான். சேரும் முன் ஆசிரியர் யார் என்று கேளுங்கள். நர்ஸோ, பிசியோதெரபிஸ்ட்டோ, முறையாகப் பயிற்சி பெற்றவரோ, யாராக இருந்தாலும் தயங்காமல் சொல்வார்.

36 வாரம் ஆகிவிட்டது, ஒரு வகுப்புக்கும் போகவில்லை என்றால் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். அம்மாவோடு இடுப்பை அமுக்கும் பழக்கத்தையும் மெதுவாக மூச்சை வெளியே விடும் பழக்கத்தையும் செய்துபாருங்கள். முதல் பிரசவத்தில் ஆரம்ப வலி நீண்ட நேரம் இழுக்கும். டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருக்காவிட்டால், ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் வந்தால் கிளம்புவது வழக்கம். வீடு கிராமத்தில், வண்டி வர நேரமாகும் என்றால் அதற்கும் முன்னாலேயே கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தாலோ, ரத்தம் பட்டாலோ, பிள்ளையின் அசைவு குறைந்தாலோ, தலைவலியோடு கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ எந்தக் கணக்கும் பார்க்க வேண்டாம், உடனே 108ஐக் கூப்பிடுங்கள். பிக்மி எண், ரத்த வகை, ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும், அந்தப் பை எங்கே இருக்கிறது என்று வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்கட்டும்.